ஈர்ப்பினால் பிறக்கும் துகள்கள்: திருமலையில் இருந்தபடி முதல் கணக்கைப் போட்டு முடிப்பது எப்படி?

ஆரம்பப் பிரபஞ்சம் விரிந்த வேகத்தில், மாறிக்கொண்டிருந்த ஈர்ப்புப் புலமே வெற்றிடத்திலிருந்து துகள்களை உண்டாக்கியது என்று எங்காவது கேட்டிருப்பீர்கள். கேட்டதும் ஆசை வரும். அப்புறம் யாரோ பரிந்துரைத்த தடித்த புத்தகம் ஒன்றைத் தரவிறக்கி, வளைந்த காலவெளி, டென்சர் என்று போகும் முதல் அத்தியாயத்திலேயே மூடிவைப்பீர்கள். திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், இந்த நிலையில் நிற்கும் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். கேட்டுத் தெளிய இந்தத் துறையில் ஆள் கிடைப்பதும் ஊரில் கஷ்டம். நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வரிசையை விட்டுவிட்டு, எது முதலில் வந்தால் சுலபமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

யாருக்கு இது? உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் செய்து, கோணேசபுரியில் இருக்கும் வளாகத்திலோ வேறு பல்கலைக்கழகத்திலோ இரண்டாம் ஆண்டைத் தாண்டியவர்களுக்கு. உயர்தரத்தோடு நிற்பவர்களும் மூன்றாம் படிவரை வரலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

பாட அறிவு என்று பார்த்தால் நான்கு விஷயம் போதும்: இரண்டாம் வரிசை வகையீட்டுச் சமன்பாடு, சிக்கலெண், உயர்தரத்தில் படித்த எளிமை இசை இயக்கம், குவாண்டம் பொறிமுறையில் வரும் இசை ஒசிலேற்றர். பொதுச் சார்பியல் இப்போதைக்குத் தேவையில்லை. பிரபஞ்சம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று சொல்லும் 'அளவுக் காரணி' என்ற ஒரேயொரு எண் நேரத்தோடு மாறுகிறது என்று தெரிந்தால் சரி.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கணக்குப் போடப் பாவிக்கும் பைதன் நிரல்மொழி இலவசம். லப்டொப் இல்லாவிட்டால், நிரலை இணையத்திலேயே ஓடவிடும் கூகுள் கோலாப்பை ஃபோனிலேயே திறக்கலாம். கண் வலிக்கும், ஆனால் வேலை நடக்கும். ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆர்கைவ் (arXiv) தளம் இருக்கிறது, பதிவுகூடச் செய்யாமல் படிக்கலாம். காசு போவது டேட்டாவுக்கும் அச்சுக்கும்தான். நூறு பக்கக் கட்டுரையை அப்படியே பிரிண்ட் எடுக்கக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எடுங்கள், மிச்சத்தைத் திரையில் பார்க்கலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. இந்தத் துறையின் மூலக் கட்டுரைகள், குறிப்பாக லெனார்ட் பார்க்கர் 1968இலும் 1969இலும் எழுதியவை, ஆர்கைவ் தொடங்கிய 1991க்கு முந்தியவை. இதழின் தளத்துக்குப் போனால் டொலரில் விலை கேட்கும். கட்ட வேண்டாம். அதே கணக்கைப் பிந்திய மீளாய்வுக் கட்டுரைகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. எல். எச். ஃபோர்ட் 2021இல் எழுதிய மீளாய்வு ஆர்கைவில் கிடக்கிறது, தொடக்கத்துக்கு அது ஒன்றே போதும். வெளிநாட்டிலிருந்து புத்தகம் வரவழைப்பதையும் தள்ளிப்போடுங்கள். ஐந்தாம் படியைத் தாண்டும்வரை அது மேசையில் தூசிதான் பிடிக்கும்.

2. பிரபஞ்சத்தை விட்டுவிட்டு ஒரு ஒசிலேற்றரைப் பிடியுங்கள்

எனக்குக் கேட்டால், முழு விஷயமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. இதில் ஒரு வாரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

ஒரு குவாண்டம் புலத்தை அலைகளாகப் பிரித்தால், ஒவ்வொரு அலையெண்ணுக்கும் தனித்தனியே ஒரு ஒசிலேற்றர் கிடைக்கும். விரியாத வெளியில் அதன் மீடிறன் மாறாது. விரியும் பிரபஞ்சத்தில் மாறும். எளிமையான நிலையில் அதன் வடிவம் இதுதான்:

மீடிறனின் வர்க்கம் = அலையெண்ணின் வர்க்கம் + (திணிவின் வர்க்கம் × அளவுக் காரணியின் வர்க்கம்)

அளவுக் காரணி நேரத்தோடு கூடினால் மீடிறனும் கூடும். மெதுவாகக் கூடினால் ஒசிலேற்றர் இருந்த சக்திமட்டத்திலேயே இருந்துகொண்டு மாற்றத்துக்கு ஒத்துப்போகும். சட்டென்று கூடினால் ஒத்துப்போக முடியாமல் மேல்மட்டத்துக்கு ஏறிவிடும். புலத்தின் ஒசிலேற்றர் ஒருமட்டம் ஏறுவது என்றால் அங்கே ஒரு துகள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஊஞ்சல் ஆடும்போது கயிற்றின் நீளத்தைத் திடீரென மாற்றினால் வீச்சு மாறுவதைப் போன்றது இது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அசையாமல் தொங்கும் ஊஞ்சலின் கயிற்றை என்ன செய்தாலும் அது ஆடத் தொடங்காது. குவாண்டம் ஒசிலேற்றருக்கு 'அசையாமல்' என்ற நிலையே கிடையாது, அடிமட்டத்திலும் ஒரு துடிப்பு இருக்கும். விரிவு பெருக்குவது அந்தத் துடிப்பைத்தான். சும்மா இருந்த வெற்றிடத்திலிருந்து துகள் வந்ததாகச் சொல்வதன் பின்னால் இருப்பது இவ்வளவே. அதற்கான சக்தி, விரிவை நடத்தும் ஈர்ப்புப் புலத்திலிருந்து வருகிறது.

இப்போது கொப்பியில் செய்யவேண்டியது: தொடக்கத்தில் தூய்மையான ஒரு நேர்மீடிறன் அலையை எடுங்கள். விரிவு முடிந்தபின் அதைப் பார்த்தால் நேர்மீடிறன் அலையும் எதிர்மீடிறன் அலையும் கலந்திருக்கும். முதலாவதின் குணகத்தை அல்பா என்றும் இரண்டாவதின் குணகத்தை பீற்றா என்றும் சொல்வார்கள். பொகோலியுபோவ் குணகங்கள் என்று எல்லா இடத்திலும் வருபவை இவைதான். பீற்றாவின் மட்டு வர்க்கம், அந்த அலையெண்ணில் பிறந்த துகள்களின் சராசரி எண்ணிக்கை. துகள்கள் சோடியாகவே பிறக்கும், ஒன்று ஒரு திசையில் போனால் மற்றது நேரெதிர்த் திசையில் போகும். மொத்த உந்தம் பூச்சியமாகவே இருக்கவேண்டுமே.

மறக்கக்கூடாத சோதனை ஒன்று: அல்பாவின் மட்டு வர்க்கத்திலிருந்து பீற்றாவின் மட்டு வர்க்கத்தைக் கழித்தால் சரியாக 1 வரவேண்டும். இது போட்டோன் போன்ற போசோன்களுக்கு. இலத்திரன் போன்ற பேர்மியோன்களுக்குக் கூட்டினால் 1. இந்த இரண்டையும் மாற்றிப்போட்டுவிட்டு மணிக்கணக்காகப் பிழை தேடுபவர்கள் உண்டு.

3. கையால் ஒரு முழுக் கணக்கு

விடை தெரிந்த ஒரு மாதிரியோடு தொடங்குங்கள். அளவுக் காரணியின் வர்க்கத்தை இப்படி எடுப்போம்: 5 + 4 × (அதிபரவளைவுத் தாஞ்சன், கல்குலேற்றரில் tanh). தாஞ்சனுக்குள் வருவது விரிவின் வேகத்தைக் காட்டும் ஒரு மாறிலியை நேரத்தால் பெருக்கியது. வெகு முன்னே அளவுக் காரணி 1, வெகு பின்னே 3. இடையில் வழுக்கலாக ஏறுகிறது. இரண்டு முனையிலும் விரிவு நின்றுவிடுவதால் 'துகள்' என்ற சொல்லுக்கு அங்கே சந்தேகமில்லாத அர்த்தம் இருக்கிறது. விரிந்துகொண்டிருக்கும் நடுநேரத்தில் எத்தனை துகள் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். தொடங்குபவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

இந்த மாதிரிக்குப் பீற்றாவின் மட்டு வர்க்கம் ஒரு சின்ன வாய்பாடு. தொடக்க மீடிறன், முடிவு மீடிறன், இரண்டின் வித்தியாசத்தில் பாதி ஆகிய மூன்றையும் தனித்தனியே பையால் பெருக்கி, விரிவு வேகத்தால் வகுத்து, அதிபரவளைவுச் சைன் (sinh) எடுங்கள். பாதி வித்தியாசத்துக்கு வந்ததை வர்க்கமாக்கி, மற்ற இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் விடை.

எண் போட்டுப் பார்ப்போம். திணிவு 1, அலையெண் 0, வேகம் 1. தொடக்க மீடிறன் 1, முடிவு மீடிறன் 3, பாதி வித்தியாசம் 1. பையின் அதிபரவளைவுச் சைன் 11.549, மூன்று பையின் அதிபரவளைவுச் சைன் 6195.8. விடை 0.00186. அல்பாவுக்குப் பாதி வித்தியாசத்தின் இடத்தில் பாதிக் கூட்டுத்தொகையை, அதாவது 2ஐ, போடுங்கள். 1.00186 வரும். கழித்தால் 1. சோதனை சரி.

வேகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், ரசனையான இடம் இது. வேகத்தைப் பாதியாக்கி 0.5 ஆக்கினால் விடை 3.5 × 10⁻⁶க்கு விழுந்துவிடும். வேகத்தை 10 ஆக்கினால் 0.293க்கு ஏறும். இன்னும் எவ்வளவு கூட்டினாலும் மூன்றில் ஒன்றைத் தாண்டாது, ஏனென்றால் நொடிப்பொழுதில் நடக்கும் மாற்றத்துக்கே எல்லை அதுதான். வேகத்தை 1இலேயே வைத்து அலையெண்ணை 2 ஆக்கினால் 7.7 × 10⁻⁷. குறுகிய அலைகள் விரிவைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை.

இந்த நான்கு எண்களையும் கல்குலேற்றரில் நீங்களே எடுத்துக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த படியில் கணினி சொல்வதை நம்பலாமா என்று தீர்ப்புச் சொல்லப்போவது இவைதான்.

4. கணினியில் போடும்போது

பைதனின் சைபை (SciPy) நூலகத்தின் வகையீட்டுச் சமன்பாட்டுத் தீர்ப்பானைக் கூப்பிட்டால் இருபது வரியில் வேலை முடியும். ஆனால் அதன் இயல்பான துல்லியம் ஆயிரத்தில் ஒன்று. உங்கள் விடையோ பத்து இலட்சத்தில் மூன்றரை. சட்டென்று ஒரு எண் வரும், அழகான வளைகோடும் வரும், இரண்டுமே குப்பை. துல்லியத்தை 10⁻¹² அளவுக்கு இறக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் அல்பா, பீற்றா சோதனை எத்தனை தசமதானத்துக்கு 1 தருகிறது என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் அச்சிட்டுப் பாருங்கள்.

அலையின் சமன்பாட்டைத் தீர்த்துக் கடைசியில் பீற்றாவைப் பிரித்தெடுப்பதைவிட, அல்பாவையும் பீற்றாவையும் நேரடியாக ஓடவிடுவது நல்லது. பீற்றா மாறும் வீதம் = மீடிறன் மாறும் வீதத்தை மீடிறனின் இருமடங்கால் வகுத்து, ஒரு கட்டக் காரணியாலும் (மட்டு 1 உள்ள, நேரத்தோடு சுழலும் சிக்கலெண்) அல்பாவாலும் பெருக்கியது. அல்பாவுக்கும் அதேபோல், கட்டத்தின் குறி மட்டும் எதிர். தொடக்கத்தில் அல்பா 1, பீற்றா 0. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய விடை தேடும் தொல்லை இதில் இல்லை.

நேரம் என்று வருமிடத்தில் கவனம். மேலே சொன்ன எளிய மீடிறன் வாய்பாடு 'கொன்போமல்' நேரத்துக்கானது: சாதாரண நேரத்தின் சிறு துண்டை அளவுக் காரணியால் வகுத்தது. கடிகார நேரத்தைப் போட்டால் விரிவினால் வரும் தணிவு உறுப்பு ஒன்று கூடவே வந்து நிற்கும். கட்டுரைகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாவிக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் எது என்று பென்சிலால் குறியுங்கள். காலவெளியின் வளைவுக்கும் புலத்துக்கும் உள்ள பிணைப்பு மாறிலியையும் பாருங்கள். எளிய வாய்பாடு அப்படியே வருவது அது ஆறில் ஒன்றாக இருக்கும்போதுதான். பூச்சியம் என்றால் அளவுக் காரணியின் இரண்டாம் வகையீடு உள்ளே வரும். வளைவின் குறியைச் சிலர் நேராகவும் சிலர் எதிராகவும் எடுப்பார்கள். ஒரு கட்டுரையின் சமன்பாட்டையும் இன்னொன்றின் விடையையும் ஒட்டினால் இங்கேதான் கவிழும்.

துகள் அடர்த்தி வேண்டுமென்றால் பீற்றாவின் மட்டு வர்க்கத்தை அலையெண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லா அலையெண்ணுக்கும் தொகையிட்டு, பையின் வர்க்கத்தின் இருமடங்கால் வகுத்து, அளவுக் காரணியின் கனத்தாலும் வகுக்கவேண்டும். கடைசி வகுத்தல்தான் அதிகம் மறக்கப்படுவது.

5. எது பிறக்கும், எது பிறக்காது

ஒளியும் இப்படித்தான் பிறந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி விரியும் பிரபஞ்சத்தில், திணிவில்லாத போட்டோனின் சமன்பாடு அளவுக் காரணியையே உணர்வதில்லை. மேலே உள்ள வாய்பாட்டில் திணிவைப் பூச்சியமாக்குங்கள், மீடிறன் மாறாமல் நிற்பது கண்ணுக்கே தெரியும். மீடிறன் மாறாவிட்டால் பீற்றா பூச்சியம். ஈர்ப்பலைகள் வேறு சாதி. அவற்றுக்குத் திணிவில்லாவிட்டாலும் அந்த இரண்டாம் வகையீடு உள்ளே வருவதால் அவை பிறக்கும். ஆனால் கதிர்வீச்சு ஆதிக்கம் செலுத்தும் காலத்தில் அந்த வகையீடும் பூச்சியம், அங்கே புதிதாக எதுவும் பிறக்காது. விரிவு திசைக்குத் திசை வேறுபட்டால் போட்டோனுக்கும் கதவு திறக்கும். செல்டோவிச்சும் ஸ்டாரோபின்ஸ்கியும் 1970களின் தொடக்கத்தில் போட்டது அந்த வகைக் கணக்கு.

அளவுகளை மனதில் பதிக்க ஒரு ஒப்பீடு போதும். ஒரு துகளின் திணிவுக்கு ஒத்த காலத்துக்குள் பிரபஞ்சம் குறிப்பிடத்தக்க அளவு விரிந்தால்தான் அந்தத் துகள் நன்றாகப் பிறக்கும். இலத்திரனுக்கு அந்தக் காலம் ஏறக்குறைய 1.3 × 10⁻²¹ செக்கன். இன்றைய விரிவு வீதத்தைச் சக்தி அலகில் சொன்னால் சுமார் 10⁻³³ இலத்திரன்வோல்ற்று, இலத்திரனோ 5 இலட்சத்துக்கு மேல். ஆகவே இன்று ஒன்றும் நடக்காது. 'இன்ஃப்ளேஷன்' என்று சொல்லப்படும் ஆரம்ப வீக்கக் காலத்தில் அந்த வீதம் 10¹⁴ கிகா இலத்திரன்வோல்ற்றுக்குக் கீழே எங்கேயோ இருந்தது என்பது அவதானிப்புகள் தரும் மேலெல்லை. அந்த எல்லைக்குக் கிட்ட இருந்திருந்தால், 10¹³ கிகா இலத்திரன்வோல்ற்றுத் திணிவுள்ள பாரமான துகளும் ஈர்ப்பால் மட்டுமே பிறந்திருக்கலாம். கரும்பொருள் அதுவாக இருக்கலாம் என்று 1998இலிருந்து பேசுகிறார்கள்.

இயற்கை அலகுகளிலிருந்து (ஒளிவேகத்தையும் சுருக்கிய பிளாங்க் மாறிலியையும் 1 என்று எடுப்பவை) செக்கனுக்கும் இலத்திரன்வோல்ற்றுக்கும் மாறும் ஒரு சிறிய அட்டவணையை இந்தப் படியில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றப்போனால் பத்தின் அடுக்கு ஒன்று எப்படியும் தவறும்.

6. எவ்வளவு காலம் ஒதுக்குவது

விரிவுரைகளோடு சேர்த்துச் செய்பவருக்கு, இரண்டாம் மூன்றாம் படிகளுக்கு மூன்று, நான்கு வாரம் ஒதுக்கலாம். நான்காவதுக்கு ஒரு மாதம். ஐந்தாவது எவ்வளவு இழுத்தாலும் இழுக்கும், ஒரு தவணை முழுவதும் போகட்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. நல்லவேளை, இந்தக் கணக்குக்குச் செக்கன்கள்தான் தேவை. அதிகாலையில் ஓடவிட்டு, பகலில் பேனையால் வேலை செய்யலாம். மாரியில் மின்சாரமும் சிக்னலும் போய்வரும். கோலாப் தொடர்பு அறுந்தால் மாறிகள் எல்லாம் அழிந்துவிடும், விடைகளைக் கோப்பில் சேமிக்கும் வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

7. மேலே படிக்கப் போகிறவர்களுக்கான பத்திரங்கள்

காசில்லாமல் போகக்கூடிய வழிகளில் நான் முதலில் சொல்வது, இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1964இல் அப்துஸ் சலாம் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையத்தின் ஓராண்டு டிப்ளோமா. வளர்ந்துவரும் நாட்டு மாணவர்களுக்கானது. கட்டணம் கிடையாது, பயணமும் தங்குமிடமும் உதவித்தொகைக்குள் வரும். உயர்சக்திப் பௌதிகவியலும் அண்டவியலும் சேர்ந்த பிரிவு அங்கே உண்டு. பாடங்கள் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கும். விண்ணப்பத் திகதியோ அதற்கு வெகு முன்னே முடிந்துவிடும். முந்திய ஆண்டு முடியுமுன்பே அவர்களின் தளத்தைத் திறந்து பாருங்கள்.

அதிகம் காலம் தின்னும் பத்திரம் பெறுபேற்று விவரம்தான். இறுதிப் பரீட்சை முடிவு வெளிவர இழுபடும், வந்தபின் கையொப்பம் இழுபடும். ஓர் அலுவலகத்தில் என்னுடைய உறை, கையொப்பமிடுபவர் லீவு என்ற காரணத்தால் மேசையிலேயே கிடந்தது, நான் நேரில் போய் நின்ற பிறகுதான் நகர்ந்தது. ஆகவே தபாலையும் ஃபோனையும் நம்பாதீர்கள். முடிவு வராவிட்டால், பரீட்சை எழுதி முடித்ததற்கும் ஆங்கில மொழிமூலம் படித்ததற்கும் தனித்தனிக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பாஸ்போட்டை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுக்கவேண்டும். அங்கே ஒரு பொறி: மொழிபெயர்ப்பில் அப்பாவின் பெயரில் வரும் 'வ'வுக்கு 'வீ' எழுத்தும், அடையாள அட்டையில் 'டபிள்யூ' எழுத்தும் இருந்தால் பிறகு ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்லவேண்டி வரும். மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போதே அடையாள அட்டைப் பிரதியைக் கொண்டுபோய் அதே எழுத்துக்களைப் போடச் சொல்லுங்கள். முத்திரை குத்துமுன் வாசித்துப் பாருங்கள். அசல் பத்திரங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் வெளிவிவகார அமைச்சில் சான்றுப்படுத்துவதை அனுமதி வந்து, அவர்கள் கேட்ட பிறகு செய்யலாம். முதலில் பெரும்பாலும் ஸ்கேன் போதும். போக வேண்டி வந்தால் முதல்நாள் இரவே புறப்பட்டால் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு நிற்கலாம்.

சிபாரிசுக் கடிதத்துக்கு, உங்களை உண்மையில் தெரிந்த விரிவுரையாளரிடம் இரண்டு மாதம் முன்னரே கேளுங்கள். அவருக்கு இந்தத் துறை தெரியாமல் இருப்பது குறையில்லை. நான்காம் படியின் வரைபடங்களையும், மூன்றாம் படியின் எண்களோடு அவை ஒத்துப்போவதைக் காட்டும் ஒரு பக்கத்தையும் கையில் கொடுங்கள். சேருக்கோ மிஸ்ஸுக்கோ எழுத ஏதாவது வேண்டுமே. நோக்கக் கடிதத்திலும் 'சிறுவயது முதல் நட்சத்திரங்கள் மேல் ஆசை' என்று தொடங்காமல் அதே பக்கத்தைப் பற்றி எழுதுங்கள். 2022இல் ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள் குளிர்வித்த பொட்டாசியம் அணுக்களில் விரியும் வெளியைப் போலி செய்து, சோடியாகப் பிறக்கும் அதிர்வுகளை அளந்தார்கள். உங்கள் கணக்கை அப்படியொரு பரிசோதனையோடு ஒரு வரியில் தொடுத்தால் வாசிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புவதானால் பத்து வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரைபடம், ஒரு கேள்வி. ஆர்கைவில் உங்கள் கணக்கைப் பதிவேற்ற அவசரப்படவும் வேண்டாம். படிப்பது எல்லோருக்கும் திறந்திருந்தாலும், புதிதாகப் பதிவேற்றுபவருக்கு அந்தத் துறையில் ஏற்கெனவே எழுதுபவர் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படும். முன்பின் தெரியாதவரிடம் அந்த ஒப்புதலைக் கேட்டு எழுதும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் பதில் வராது.